காக்சிக்ஸ், காக்சிஜியல்: பிழையா, இலக்கணமா?

வணக்கம். வாலெலும்பைக் குறிக்கும் 'காக்சிக்ஸ்' என்ற சொல், ஸ்கேன் அறிக்கையில் 'காக்சிஜியல்' என்று ஜி எழுத்துடன் வந்திருப்பது தட்டச்சுப் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள், பிழையன்று.

ஆங்கிலத்தில் இதன் எழுத்துகள் சி, ஓ, சி, சி, ஒய், எக்ஸ். இதன் மூலமான 'கொக்குக்ஸ்' என்ற கிரேக்கச் சொல்லில் இருந்த இரண்டு கப்பாக்கள், அதாவது ககர எழுத்துகள், லத்தீன் வழியாக இரண்டு சி ஆயின. உப்சிலோன் என்னும் உயிரெழுத்து ஒய் ஆயிற்று. முதல் சி 'க்' என்றும், ஒய்க்கு முன் நிற்கும் அடுத்த சி 'ஸ்' என்றும் ஒலிப்பதால்தான் பலர் ஒரு சி-யை விட்டுவிடுகிறார்கள். கிரேக்கத்தில் இச்சொல்லின் அடி ககரத்தின் அதிர்வொலியில், அதாவது 'go' என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் ஜி எழுத்தின் ஒலியில், முடிவது. எழுவாயாகும்போது அதனோடு 'ஸ்' சேர்ந்து எக்ஸ் ஆகிறது. 'காக்சிஜியல்' என்ற பெயரடையில் அந்த 'ஸ்' இல்லாததால் மறைந்திருந்த ஜி வெளிப்படுகிறது.

பொருள்தான் சுவையானது. கொக்குக்ஸ் என்பது குயிலினத்துப் பறவையொன்றின் பெயர். அதுவும் அதன் கூவலிலிருந்து பிறந்த பெயர். மூன்று முதல் ஐந்து சிறு முள்ளெலும்புகள் சேர்ந்து வளைந்திருக்கும் இவ்வெலும்பு, அப்பறவையின் அலகை ஒத்திருப்பதாகப் பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் கண்டனர். அவர்களுக்கு அலகு தெரிந்த இடத்தில் நமக்கு வால் தெரிந்திருக்கிறது.