வலி வருமுன் பேசி முடிக்க வேண்டியவை

பதிலளிப்பவர்: மகப்பேறு வார்டில் பணியாற்றி ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்.

கேள்வி: சிஸ்டர், எனக்குத் தலைப்பிரசவம். பொய்வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பொய்வலி ஒழுங்கில்லாமல் வரும், சற்றுப் படுத்தாலோ நடந்தாலோ அடங்கிவிடும். நிஜவலிக்கு இடைவெளி குறையும், வலு கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என ஒரு மணி நேரம் வந்தால் கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திருக்க வேண்டாம். 37 வாரம் நிறையாதவர்கள் எந்த வலியையும் பொய்வலி என்று தாங்களே முடிவுகட்டக் கூடாது.

கேள்வி: மகளுக்கு எட்டாம் மாதம். கால் வீக்கம் சகஜம்தானே?

பதில்: மாலையில் வீங்கிக் காலையில் வடிந்தால் பெரும்பாலும் சகஜம். முகம், கை வீக்கம், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி என ஒன்று இருந்தாலும் உடனே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். 140/90 ஆகிவிட்டால் மருத்துவர் பார்த்தே தீர வேண்டும். விட்டால் வலிப்பு வரலாம். நெற்றியில் தைலம் தேய்த்து, ‘விடியட்டும், பார்க்கலாம்’ என்கிற வீடுகளை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. நள்ளிரவானாலும் 108-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. குழந்தையின் அசைவு குறைந்தாலும், உதிரம் பட்டாலும் அப்படியே.

கேள்வி: என் மனைவி ஓ நெகட்டிவ். பயப்பட வேண்டுமா?

பதில்: உங்கள் பிரிவை எழுதவில்லையே! நீங்கள் பாசிட்டிவ் என்றால், 28ஆம் வாரத்தில் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுப்பது) பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தையும் பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மீண்டும் போடுவார்கள். ஓ நெகட்டிவ் உள்ளவர்களுக்கு அதே பிரிவுதான் ஏற்ற வேண்டும். கொடுக்கக்கூடிய இரண்டு பேரையாவது இப்போதே பேசிவையுங்கள்.

கேள்வி: நான்கு பிள்ளைகளையும் வீட்டில் பெற்றவள் நான். மருமகளுக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி?

பதில்: உங்களுக்கு நல்லபடியாக நடந்தது, அம்மா. 2018இல் திருப்பூரில் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு தாய் உதிரப்போக்கால் இறந்தார். குழந்தை பிறந்தவுடன் கருப்பை சுருங்குவதற்காக மருத்துவமனையில் ஆக்ஸிடோசின் ஊசி போடுவார்கள். வீட்டில் யார் போடுவது?

கேள்வி: வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறேன். எதையெல்லாம் எடுத்துச்செல்ல வேண்டும்?

பதில்: பட்டுச்சேலைக்கு முன் பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்தபோது அரசு கொடுத்த எண்), தாய்-சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை முடிவுகள். போனதும் அவ்வூர்க் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். இரவிலும் சிசேரியன் செய்யும் மருத்துவமனை எது என்று அவரிடமே கேளுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவத்தின்போது ஒரு பெண் துணை உடனிருக்கலாம். உங்களுக்கு முன்னே அழுதுவிடும் சித்தி வேண்டாம், தைரியசாலியாகப் பாருங்கள்.