ஒரு வரி என்றால் என்ன?

வணக்கம் அக்கா,

எனக்கு மதுரைப் பக்கம் திருமங்கலம். வடபழஞ்சியில் ஒரு சின்ன கம்பெனியில் மூன்று வருடமாக, டேட்டாபேஸிலிருந்து எஸ்க்யூஎல் மொழியில் கணக்கு எடுத்துக் கொடுக்கும் ரிப்போர்ட் வேலை பார்க்கிறேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் மொபைல் ஆப், ஏஐ என்று சொல்லிக்கொள்கிறார்கள். என் வேலையை வீட்டில் விளக்கவே முடியவில்லை. "கணக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை" என்றால், "அதுக்கா பி.இ. படிச்ச?" என்கிறார் சித்தப்பா. மேனேஜரோ வாரம் ஒரு தடவையாவது "உன் நம்பர் டேலி ஆகலை" என்கிறார். சில சமயம் தொகை இரட்டிப்பாக வந்துவிடும், ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுக்கிற டிஸ்டிங்க்ட் போட்டுச் சரிசெய்துவிடுவேன். இப்போது 6 கிளை உள்ள ஒரு பெயின்ட் கடைக்கு மாத ரிப்போர்ட் செய்கிறேன். மராமத்துக்காகப் போன மாதம் முழுக்க மூடிக் கிடந்த சோழவந்தான் கிளை அதில் வரவே மாட்டேன் என்கிறது. பில் இல்லாவிட்டாலும் எல்லாக் கிளையும் வர வேண்டும் என்று லெஃப்ட் ஜாயின்தான் போட்டிருக்கிறேன். 0 என்றாவது வர வேண்டாமா? ரிப்போர்ட்டைப் படமாகக் காட்டும் மென்பொருள்களில் பவர் பிஐ நன்றாகப் படிப்பதா, டேப்லோ படிப்பதா, இல்லை இந்தப் பக்கமே வேண்டாம் என்று போய்விடுவதா?

பெயர் போட வேண்டாம் அக்கா.

அன்புள்ள தங்கைக்கு,

சித்தப்பாவை விடுங்கள். இருபது வருடம் ஆன பிறகும் என் வீட்டில் நான் "கம்ப்யூட்டர்ல கணக்கு எழுதுறவ"தான். யோசித்துப் பார்த்தால் அது தப்பும் இல்லை.

உங்கள் கடிதத்தில் "டிஸ்டிங்க்ட் போட்டுச் சரிசெய்துவிடுவேன்" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மற்றதை அப்புறம் பார்க்கலாம். அதே காரியத்தை நானும் செய்து மாட்டிக்கொண்டவள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடைக்கு ரிப்போர்ட் எழுதினேன். மூன்று டேபிள்: பில், பில்லில் உள்ள சரக்கு, பணம் வந்த ரசீது. மூன்றிலும் பில் எண் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? மூன்றையும் ஜாயின் செய்து, அதாவது ஒரே பில் எண் உள்ள வரிகளை இணைத்து, கூட்டி, பாக்கியும் கணக்கிட்டுக் கொடுத்துவிட்டேன். கடையின் கணக்குப்பிள்ளைக்கு எழுபது வயது இருக்கும். திரையைப் பார்க்க மாட்டார், பிரிண்ட் எடுத்துத்தான் தர வேண்டும். கடைசி வரியை மட்டும் பார்த்தார். "ஏம்மா, இம்புட்டு சரக்கு நம்ம குடோன்ல நின்னதே இல்லையே?" என்றார்.

அவர் விரல் வைத்துக் காட்டிய பில் 417. மூன்று சரக்கு: துவரம்பருப்பு 5,000, உளுந்து 4,000, சீரகம் 3,000. மொத்தம் 12,000 ரூபாய். வாங்கியவர் இரண்டு தவணையாக 7,000, 5,000 என்று கட்டிவிட்டார். பாக்கி கிடையாது. ஆனால் மூன்று சரக்கு வரியும் இரண்டு ரசீது வரியும் பில் எண்ணை வைத்துச் சேரும்போது ஆறு வரியாகிவிடும். ஒவ்வொரு சரக்கும் இரண்டு தடவை வரும், ஒவ்வொரு ரசீதும் மூன்று தடவை வரும். ஆகவே என் ரிப்போர்ட்டில் விற்பனை 24,000, வரவு 36,000. கணக்கைத் தீர்த்துவிட்டுப் போன மனிதருக்குக் கடை இன்னும் 12,000 தர வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்!

அவசரத்தில் நான் செய்ததுதான் நீங்கள் செய்வது. கூட்டித் தரும் சம்-க்குள் டிஸ்டிங்க்ட் போட்டேன். 417 சரியாகிவிட்டது. இன்னும் மூன்று பில்லைப் பார்த்தேன், அதுவும் சரி. நிம்மதியாக ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து இந்தத் தடவை தொகை குறைகிறது என்று போன். ஒரே பில்லில் உளுந்தும் 4,000, கடலைப்பருப்பும் 4,000. டிஸ்டிங்க்டுக்கு உளுந்தும் தெரியாது, கடலைப்பருப்பும் தெரியாது. அதற்கு 4,000 என்பது ஒரு எண், ஒரு தடவை கூட்டினால் போதும். கூடுதலாக வரும் தப்பையாவது யாராவது சட்டென்று பார்த்துவிடுவார்கள். குறைவாக வரும் தப்பு மாதக் கணக்கில் அப்படியே கிடக்கும்.

அன்றைக்குப் பெரியவர் பேரேட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. பற்றைத் தனியாகக் கூட்டிக் கீழே எழுதுகிறார், வரவைத் தனியாகக் கூட்டிக் கீழே எழுதுகிறார், அப்புறம்தான் கழிக்கிறார். இரண்டும் எதிரெதிரே இருக்கிறதே தவிர, இடது பக்கத்து முதல் வரிக்கும் வலது பக்கத்து முதல் வரிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த 7,000 துவரம்பருப்புக்கு வந்ததா சீரகத்துக்கு வந்ததா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியே தப்பு. நான் போட்ட ஜாயின் என்ன செய்தது என்றால், இல்லாத அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கிவிட்டது.

டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியான க்வெரியிலும் பேரேடு மாதிரியே செய்ய வேண்டியதுதான். சரக்கு டேபிளைப் பில் எண் வாரியாக குரூப் பை போட்டுக் கூட்டி ஒரு துணை க்வெரி. ரசீதை அதே மாதிரி கூட்டி இன்னொன்று. இப்போது இரண்டிலும் ஒரு பில்லுக்கு ஒரு வரிதான். இனி தாராளமாகச் சேர்க்கலாம். பணமே வராத பில்களும் இருக்கும், அதனால் ரசீதுப் பக்கத்தை லெஃப்ட் ஜாயின் ஆக வையுங்கள். அங்கே தொகைக்குப் பதிலாக வரும் வெறுமையை, அதாவது 'நல்' மதிப்பை, 0 ஆக மாற்ற மறக்காதீர்கள். 12,000-இலிருந்து 'நல்'லைக் கழித்தால் விடையும் 'நல்'தான். கடன் வாங்கியவருக்கு அதைவிடச் சந்தோஷம் எது?

அலசிப் பார்ப்பதற்காக டேட்டாவை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் டேட்டா வேர்ஹவுஸ் உலகத்தில் மூத்தவரான ரால்ஃப் கிம்பால், டேபிளை வடிவமைக்கும்போது மற்ற எதற்கும் போவதற்கு முன் அதன் 'கிரெய்ன்' என்ன என்று அறிவித்துவிடச் சொல்வார். கிரெய்ன் என்றால் தானிய மணி. பருப்பு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டவள் நான் என்பதால் அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடைமுறையில் அது ஒரே கேள்வி: இந்த டேபிளில் ஒரு வரி என்றால் என்ன? ஒரு பில்லா, பில்லில் ஒரு சரக்கா, ஒரு தவணையா? ஜாயின் போட்ட பிறகும் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் சொல்ல முடியவில்லை என்றால் அங்கே சம் போடக் கூடாது. தொகை இரட்டிப்பாக வரும்போது டேட்டாவில் தப்பு என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் டேட்டா சரியாகத்தான் இருக்கும், நாம்தான் அதை வேறு வரியாக்கியிருப்போம்.

மேனேஜரின் "டேலி ஆகலை"யிலும் பாதி இதே கதைதான். அவர் எதோடு டேலி செய்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? விற்பனைப் பிரிவுக்கு விற்பனை என்பது ஆர்டர் வந்த நாள். கணக்குப் பிரிவுக்கு பில் போட்ட நாள். குடோன்காரருக்கு லாரி கிளம்பிய நாள். ஒருவர் ஜிஎஸ்டி சேர்த்துச் சொல்வார், ஒருவர் சேர்க்காமல் சொல்வார். திரும்பி வந்த சரக்கைக் கழிப்பதா வேண்டாமா என்பது தனிச் சண்டை. மூன்று எண்ணும் சரியாக இருந்துகொண்டே டேலி ஆகாமல் இருக்கலாம். ரிப்போர்ட்டின் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் 'பில் தேதிப்படி, ஜிஎஸ்டி நீங்கலாக, ரிட்டர்ன் கழித்தது' என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். எனக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது.

'நாள்' என்பதே எனக்கு ஒருமுறை வேலை வைத்தது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை. தினசரி விற்பனை ரிப்போர்ட்டைப் பார்த்த முதலாளி, "முகூர்த்தத்துக்கு முந்தின நாளே மல்லி எப்படி இந்த விலைக்குப் போச்சு? அன்னைக்குச் சல்லிசா வித்தேனே" என்கிறார். பில்லை எடுத்துப் பார்த்தால் விலை சரி. தேதிதான் ஒரு நாள் முந்தியிருக்கிறது, அதுவும் சில பில்களுக்கு மட்டும். சர்வரில் நேரம் உலகப் பொது நேரமான யுடிசியில் பதிவாகியிருந்தது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதாவது காலை 5.30-க்கு முன் போட்ட ஒவ்வொரு பில்லும் சர்வர் கணக்கில் நேற்றைய பில். ஜவுளிக் கடைக்கு இப்படி இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது, அந்த நேரத்தில் யார் சேலை வாங்குகிறார்கள்? பூக்கடைக்கு விடிவதற்குள் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. நேரத்தை முதலில் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் தேதியை வெட்டியெடுக்க வேண்டும். நான் அந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். நம் ஊரில் கோடைக்குக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும் வழக்கம் இல்லாததால் வருடம் முழுக்க அதே ஐந்தரை மணிதான். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு எழுதுகிறவர்களைக் கேளுங்கள், அழுவார்கள்.

பவர் பிஐயா டேப்லோவா? உங்கள் கம்பெனி எதற்குக் காசு கட்டியிருக்கிறதோ அதைப் படியுங்கள். நான் ஆரம்பித்தது கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸில். அப்புறம் மைக்ரோசாஃப்டின் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ், அது 2004-இல் வந்தது. பவர் பிஐ 2015-இல். ஒவ்வொரு தடவையும் பொத்தான்கள் இடம் மாறின, அவ்வளவுதான். அடியில் இருக்கும் எஸ்க்யூஎல் எனக்கும் மூத்தது. ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல், டேட்டாவை டேபிள்களாக வைக்கும் உறவுமுறை மாதிரியை எழுதினார். அங்கேயே சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் சீக்வல் என்ற பெயரில் கொண்டுவந்த மொழிதான் இன்றைய எஸ்க்யூஎல். பவர் பிஐயில் உட்காரப் போகிறீர்கள் என்றால் ஒன்று மட்டும்: ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டும் அதன் ஃபங்ஷன், ஒன்றும் சொல்லாவிட்டால் ஆண்டு டிசம்பரில் முடிவதாக எடுத்துக்கொள்ளும். மார்ச் 31 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இதில் தடுக்கி விழாத இந்திய டெவலப்பரை நான் பார்த்ததில்லை. மற்றபடி என்ன டேஷ்போர்டு செய்து கொடுத்தாலும் கடைசியில் "இதை எக்செல்ல தர முடியுமா?" என்றுதான் கேட்பார்கள். மனதை விடாதீர்கள்.

வேறு பக்கம் போவதா என்பதை நான் சொல்ல முடியாது. ஆப் எழுதுகிறவர்களுக்குக் கடையின் ஒரு ஓரம் தெரியும். உங்களுக்கு எந்தக் கிளையில் எந்த பெயின்ட் தேங்குகிறது, யார் ரிட்டர்னை மறைக்கிறார், எந்த மாதம் கையில் காசு இருக்காது என்று எல்லாம் தெரியும். எனக்கு அந்த வம்பு பிடித்திருந்தது, இருந்துவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் போவதில் தப்பில்லை.

சரி, சோழவந்தானுக்கு வருவோம். க்வெரியைப் பார்க்காமலே சொல்கிறேன்: பில் தேதி போன மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை, வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) பகுதியில் எழுதியிருப்பீர்கள். லெஃப்ட் ஜாயின் அந்தக் கிளையைக் கொண்டுவந்துதான் கொடுத்தது. ஆனால் போன மாதம் மட்டும் திறந்திராத கிளை அது. முந்தைய மாதங்களின் பில்களோடுதான் அது சேரும், அவையெல்லாம் தேதி பொருந்தாமல் வேரில் அடிபட்டுவிடும். பில்லே இல்லாத புதுக் கிளையாக இருந்தாலும் தேதி 'நல்' ஆக வரும், 'நல்'லை எதோடு ஒப்பிட்டாலும் ஆமாம் என்ற பதில் வராது, அதுவும் போய்விடும். ஆக, நீங்கள் எழுதியது லெஃப்ட் ஜாயின், நடப்பது, இரண்டு பக்கமும் பொருந்தும் வரியை மட்டும் தரும் இன்னர் ஜாயின். தேதி நிபந்தனையை அப்படியே தூக்கி, கிளை எண்ணைப் பொருத்தும் 'ஆன்' (ON) பகுதிக்குக் கொண்டுபோங்கள். ஆறு கிளையும் வரும். தொகையில் 'நல்'லை 0 ஆக்கிவிடுங்கள். ரிப்போர்ட்டில் பில் எண்ணிக்கையும் இருந்து, அதைக் கவுன்ட் நட்சத்திரம், COUNT(*), என்று எழுதியிருந்தால், மூடிக் கிடந்த கடைக்கு 1 பில் என்று காட்டும். பில்லே இல்லாவிட்டாலும் கிளைக்கான அந்த ஒரு வரி இருக்கிறதே, அதை எண்ணிவிடும். நட்சத்திரத்துக்குப் பதில் பில் எண் இருக்கும் நெடுவரிசையின் பெயரைப் போடுங்கள், 0 வரும்.