வாசகர் கேள்வி–பதில்: நீறு பூத்த கரியை அவிப்பது எப்படி?

கேள்வி: சமையல் முடிந்த பிறகும் அடுப்பில் பாதிக் கரி மிச்சமிருக்கிறது. மேலே வெள்ளையாகச் சாம்பல் படிந்து அனலும் அடங்கிவிடுகிறது. அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போகலாமா?

பதில்: போகாதீர்கள். வெள்ளையாகப் படிந்த சாம்பலைப் பார்த்துக் கரி அணைந்துவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. அந்தச் சாம்பல்தான் கரிக்குப் போர்வை. உள்ளிருக்கும் சூட்டை அது வெளியே விடாது. காற்றை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக உள்ளே கசியவிடும். அதனால் கங்கு வேகமாக எரிந்தும் தீராது, அணைந்தும் போகாது. சாம்பல் குவியலுக்குள் புதைந்த ஒரு துண்டு மறுநாள்கூடக் கனன்றுகொண்டிருக்கலாம். நீறு பூத்த நெருப்பு என்று சும்மா சொல்லவில்லை. இரவில் ஒரு காற்று அடித்து நீறு பறந்தால் போதும், கரி மறுபடி சிவந்து பொறி கிளம்பிவிடும்.

கரியை அவிக்க இரண்டே வழி: காற்றை அடைக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டைப் பறிக்க வேண்டும். மற்றதெல்லாம் இவற்றின் அரைகுறை வடிவங்கள்.

கேள்வி: என்னுடையது மூடி போட்ட அடுப்பு. காற்றுத் துளைகளை அடைத்தால் போதுமா? அடைத்தும் காலையில் பார்த்தால் எல்லாம் சாம்பலாகிக் கிடக்கிறது.

பதில்: முறை சரிதான், உங்கள் அடுப்பில் எங்கோ காற்று கசிகிறது. சரியாக அடைபட்ட அடுப்பில் மிச்சக் கரி கரியாகவே இருக்கும். மொத்தமும் சாம்பலாகிவிட்டது என்றால் இரவு முழுக்க அது எரிந்திருக்கிறது என்று பொருள். முதலில் அடித்துளையைப் பாருங்கள். தகட்டுக்கும் துளைக்கும் நடுவே சாம்பலோ கரித் துணுக்கோ சிக்கியிருக்கும். கைப்பிடி கடைசிவரை போனாலும் துளை முழுதாக மூடாது. அடுத்தது மூடியின் விளிம்பு. எண்ணெய்ப் பிசுக்கு கட்டியாக உறைந்திருந்தால் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அடுப்பு ஆறியிருக்கும்போது இரண்டையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.

மூடியைப் போட்டு, கீழ்த்துளை, மேல்துளை இரண்டையும் அடைத்தபின் ‘அணைந்துவிட்டதா’ என்று திறந்து பார்க்கக் கூடாது. திறக்கும் ஒவ்வொரு முறையும் கரிக்குப் புதுக் காற்று கிடைத்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றில்லாமல் புழுங்கும் கரியிலிருந்து வரும் எரியக்கூடிய வாயு உள்ளே தேங்கியிருக்கும். மூடியைச் சட்டென்று தூக்கினால் காற்றோடு கலந்து குப்பென்று பற்றி முகத்துக்கு நேராக வரும். திறந்தே ஆக வேண்டும் என்றால் முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கிச் சில நொடி பொறுத்துப் பிறகு திறங்கள்.

கேள்வி: மூடியே இல்லாத திறந்த அடுப்புக்கு என்ன செய்வது?

பதில்: இறுக்கமான மூடியுள்ள இரும்பு டின் ஒன்றைக் கரிக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். டின் காய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக், கண்ணாடி இரண்டும் கூடாது. மெல்லிய அலுமினியமும் வேண்டாம். அது 660 டிகிரி செல்சியஸில் உருகும், காற்று பட்டுச் சிவந்த கரி அந்தச் சூட்டைத் தாண்டிப் போகும்.

டின்னைச் செங்கல் மேலோ வெறும் மண்தரையிலோ வையுங்கள். அடிப்பாகம் நன்றாகச் சுடும் என்பதால் மரப்பலகை, விரிப்பு, காய்ந்த புல் எதன்மேலும் வைக்கக் கூடாது. நீளமான இடுக்கியால் பெரிய துண்டுகளை முதலில் எடுத்துப் போட்டு, முக்கால் அளவோடு நிறுத்தி மூடுங்கள். கையில் தோல் உறை நல்லது. நைலான் உறை உருகித் தோலோடு ஒட்டும். அதற்கு வெறுங்கையே மேல்.

சிவப்பு சீக்கிரமே மறைந்துவிடும். ஆனாலும் ஒரு நாள் முழுக்கத் தொடாதீர்கள். காற்றில்லாமல் அணைந்த கரி முழுதாக ஆறுமுன் காற்று பட்டால் ஆக்சிஜனை இழுத்துத் தானாகவே சூடேறும். சில வேளை மறுபடி பற்றிக்கொள்ளும். புதிதாகச் சுட்ட கரியை உடனே மூட்டை கட்டாமல் திறந்த வெளியில் போட்டுக் காத்திருப்பதும் இதனால்தான்.

கேள்வி: இவ்வளவு எதற்கு? ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் தீர்ந்தது அல்லவா?

பதில்: அடுப்பின் மேல் ஊற்றினால் தீராது. ஒரு லிட்டர் நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த ஆவி சுடுசாம்பலையும் தூக்கிக்கொண்டு உங்கள் கைமேலும் முகத்தின்மேலும்தான் வரும். சூடான தகடு கோணும், எனாமல் சில்லு சில்லாகப் பெயரும், மண் அடுப்பு விரிசல் விடும். போதாக்குறைக்கு நனைந்த சாம்பல் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். அடுப்பிலேயே தங்கினால் இரும்பை அரிக்கும்.

தண்ணீரிடம் கரியைக் கொண்டுபோங்கள், கரியிடம் தண்ணீரைக் கொண்டுவராதீர்கள். 1 கிலோ கங்குக்கு 10 லிட்டர் நீர், இரும்பு வாளியில். அந்த அளவு இருந்தால் நீரின் சூடு சுமார் 20 டிகிரிதான் ஏறும். 2 லிட்டரோடு நிறுத்தினால் வாளியே கொதிக்கும். இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக விடுங்கள், மொத்தமாகக் கவிழ்க்காதீர்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: மரக்கரி மிதக்கும். நீருக்குள் இருக்கும் பாதி ‘சுர்ர்’ரென்று கறுத்திருக்க, மேலே தெரியும் பாதி சிவப்பாகவே நிற்கும். இடுக்கியால் அழுத்திப் பிடித்து, சத்தம் அடங்கிக் குமிழி வருவது குறையும்வரை உள்ளேயே வையுங்கள். பிறகும் அரை மணி நேரம் ஊறட்டும். இப்படி நனைந்த மரக்கரியைப் பல நாள் வெயிலில் காயவைத்தால் திரும்ப எரிக்கலாம். தூளை அழுத்திச் செய்த கரிக்கட்டி அப்படியல்ல, நீரில் கரைந்து சேறாகிவிடும்.

கேள்வி: மணல் போட்டு மூடினால்?

பதில்: தீப்பிழம்பு அடங்கும், சூடு போகாது. மணலுக்கு அடியில் கரி மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல்தான். வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைக்கு எப்படித் தெரியும்? மண்ணில் புதைப்பதும் இதே கதைதான். அப்படிச் சுட்டுவிட்டால் ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: மழை வந்தால் தணலை வீட்டுக்குள் எடுத்துவைக்கலாமா? புகையே இல்லையே.

பதில்: புகை இல்லை என்பதுதான் ஏமாற்றும் இடம். தணலாகக் கிடக்கும் கரி கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, தூக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விடும். வீடு, வண்டி நிறுத்தும் அறை, கூடாரம், கார் எங்கும் வேண்டாம். ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன் என்பதும் பதிலாகாது. மூடி போட்ட டின்னையும் முழுதாக ஆறும்வரை வெளியிலேயே வையுங்கள்.

கேள்வி: சாம்பலை எப்போது குப்பையில் கொட்டலாம்? மிச்சக் கரியைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பதில்: இரண்டு நாள் ஆறிய பிறகு, ஒரு குச்சியால் அடிவரை கிளறி, புறங்கையை நாலு விரற்கடை உயரத்தில் காட்டிப் பாருங்கள். சூடு தெரியவில்லை என்றாலும் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பின்தான் கொட்ட வேண்டும். தெளிக்கும்போது ‘சுர்’ என்று சத்தம் வந்தால் உள்ளே கங்கு இருக்கிறது. காகிதப் பை, அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் கூடை எதிலும் சந்தேகத்தோடு போடாதீர்கள்.

கரியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒருமுறை எரிந்து அணைந்தது புதுக்கரியைவிடச் சீக்கிரம் பற்றும். சாம்பலை உதறிவிட்டு, சுண்டுவிரல் நுனிக்கும் சிறியதைக் கழித்துவிடுங்கள். அவை கம்பிகளுக்கு இடையே விழுந்து காற்றை அடைக்கும். புதுக்கரியை அடியில் பரப்பி, பழையதை மேலே போடுங்கள். அடுப்பிலேயே கிடக்கும் பழைய கரிமேல், ஆறிவிட்டது என்ற நம்பிக்கையில், பற்றவைக்கும் திரவத்தை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். உள்ளே ஒரே ஒரு கங்கு இருந்தாலும் திரவம் ஆவியாகிப் பற்றி, தீ உங்கள் கையிலிருக்கும் புட்டிவரை ஏறும்.