‘நாளைக்கே வேலைக்கு வரட்டும்’ என்று நிறுவனம் சொன்னால்?

கேள்வி: நான் கம்பி கட்டும் தொழிலாளி. ஒரே கட்டுமான நிறுவனத்தின் பல சைட்டுகளில் நான்கு வருடம் வேலை செய்தேன். தினக்கூலி 900 ரூபாய். பாக்கிக் கூலியைக் கேட்டதற்கு சைட் இன்ஜினியர் எல்லோர் முன்னாலும் கேவலமாகத் திட்டி, ‘இனிமேல் வராதே’ என்று துரத்திவிட்டார். இரண்டு மாதமாகிறது, எழுத்தில் எதுவும் தரவில்லை. அவருக்குத் தண்டனை வாங்கித் தர முடியுமா? வேலை திரும்பக் கிடைக்குமா?

பதில்: தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் கொடுக்கும் மனுவில், இன்ஜினியர் திட்டியதை ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். வழக்கு நிற்பதும் விழுவதும் ஒரே கேள்வியில்தான்: நிறுத்தப்படுவதற்கு முந்தைய 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்தீர்களா, யாரிடம் செய்தீர்கள்? அதை நிரூபிப்பது தொழிலாளியின் பொறுப்பு, அவருடைய வாக்குமூலம் மட்டும் போதாது என்று 2002இல் ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூலியை மேஸ்திரி கையில் வாங்கியிருந்தால், ‘இவர் எங்கள் ஆளே இல்லை’ என்றுதான் நிறுவனம் ஆரம்பிக்கும். எனவே ஒப்பந்ததாரரையும் எதிர்தரப்பில் சேருங்கள். பி.எஃப். பதிவு, கேட் பாஸ், வங்கியில் விழுந்த கூலி, மேஸ்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆள் கணக்கு எல்லாவற்றையும் இன்றே எடுத்து வையுங்கள்.

என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் வேறு. சமரசப் பேச்சில் நிறுவனத் தரப்பு, ‘நாங்கள் நிறுத்தவே இல்லை, அவராகத்தான் வரவில்லை, நாளைக்கே வரட்டும்’ என்று எழுதிக் கொடுக்கும். அவமானப்பட்டவருக்கு ரத்தம் கொதிக்கும். ‘அந்த ஆள் இருக்கிற இடத்தில் கால் வைக்க மாட்டேன்’ என்பார். அதுவும் பதிவாகும். அந்த நிமிடமே, வேலையை விட்டது தொழிலாளிதான் என்ற அவர்கள் வாதத்துக்கு அவரே சாட்சி சொன்னதாகிவிடும். நிறுத்தப்பட்ட நாளிலிருந்து வரவேண்டிய கூலியான பின்சம்பளம் போய்விடும், சில நேரம் வழக்கும் போய்விடும். உங்களைக் கூப்பிட்டால் போங்கள். போவதற்கு முன், ‘பின்சம்பள உரிமையை விட்டுக்கொடுக்காமல் வேலையில் சேர வருகிறேன்’ என்று பதிவுத் தபால் அனுப்புங்கள். கேட்டில் திருப்பி அனுப்பினால் அன்றே தேதி, நேரம் போட்டு சமரச அலுவலருக்கு எழுதிக் கொடுங்கள். அதைவிடப் பலமான சாட்சியம் உங்களுக்குக் கிடைக்காது.

இடையில் வேறு சைட்டுக்குப் போவது தவறில்லை, வயிறு காத்திருக்காது. ஆனால் ‘வேலையில்லாமல் இருக்கிறேன்’ என்று பிரமாணப் பத்திரம் போடாதீர்கள். புது ஒப்பந்ததாரர் கட்டிய பி.எஃப். பதிவைக் குறுக்கு விசாரணையில் நீட்டினால், அதன் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: தினக்கூலிக்காரருக்கு வேலையைத் திருப்பித் தருவதைவிட ஒரு தொகையோடு முடிப்பதையே நீதிமன்றங்கள் இப்போது விரும்புகின்றன. உங்களுக்குச் சட்டப்படியான ஆட்குறைப்பு இழப்பீடு, வருடத்துக்கு 15 நாள் கூலி வீதம் 54,000 ரூபாய். ஒரு மாத நோட்டீஸ் கூலியும் சேர்ந்தால் 80,000 ரூபாயை ஒட்டி வரும். கட்டடம் இரண்டு வருடத்துக்குள் முடிந்து சைட்டை மூடிவிட்டோம் என்று அவர்கள் காட்டினால் இந்த இழப்பீடும் கிடைக்காது. கட்டுமானத் தொழிலுக்கென்றே சட்டம் வைத்த விலக்கு அது. அதனால் உங்களை சைட் விட்டு சைட் மாற்றினார்கள் என்பதற்கும் ஆதாரம் தேடுங்கள். அந்தத் தொகையும் கூலி பாக்கியும் சேர்த்துக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொண்டு முடியுங்கள்.

கையெழுத்தை மட்டும் சைட் ஆபீஸில் வவுச்சரில் போட்டுவிடாதீர்கள். சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தமாகப் போடுங்கள், பி.எஃப். பணம் இதில் அடங்காது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மனு கொடுக்க மூன்று ஆண்டாக இருந்த காலக்கெடு புதிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் இரண்டாகச் சுருங்கிவிட்டது. மனுவை இந்த மாதமே கொடுங்கள்.