விருந்தாளியை யாராவது சுரங்கத்தில் இறக்குவார்களா?

கேள்வி: ஜெர்மனிக்குப் பிழைக்கப் போன துருக்கியர்களை 'விருந்தினர் தொழிலாளர்' என்றுதானே அழைத்தார்கள்? துருக்கி ஐரோப்பிய ஒன்றியத்தில்கூட இல்லை. வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதானே, அவர்களுக்கு உரிமை எங்கிருந்து வந்தது?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட்டன, அங்கிருந்து வந்தது.

அவர்கள் தாமாக வந்து கதவைத் தட்டவில்லை. 1961 அக்டோபர் 30-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்தது. இஸ்தான்புல்லில் இதற்கென்றே ஜெர்மன் அலுவலகம் இருந்தது. உள்ளாடையோடு வரிசையில் நிற்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, சிறுநீரைச் சோதித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேறியவர்கள் சிர்கெசி நிலையத்தில் ரயில் ஏறி, முனிச்சின் 11-ம் நடைமேடையில் இறங்கினார்கள். அங்கிருந்து சுரங்கத்துக்கும் கார் தொழிற்சாலைக்கும் போனார்கள். விருந்தாளியை இப்படியா வரவேற்பார்கள்?

முதலில் இரண்டு வருடக் கெடு இருந்தது. வேலை பழகியவனை அனுப்பிவிட்டுப் புது ஆளுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது முதலாளிகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964-ல் அந்தக் கெடுவையே எடுத்தார்கள். அவர்கள் தங்கியது யாருடைய தேவைக்காக என்று இப்போது சொல்லுங்கள்.

ஒன்றியத்தில் இல்லை என்கிறீர்கள். சரி. ஆனால் 1963-ல் அங்காராவில் துருக்கியோடு ஒப்பந்தம் செய்தது, அந்த ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம்தான். தொழிலாளர் தடையின்றிப் போய்வரும் வசதி 1986-க்குள் வரும் என்று பின்னால் எழுதியும் கொடுத்தார்கள். வரவில்லை. கிடைத்தது, 1980-ல் இரு தரப்பின் கூட்டு மன்றம் எடுத்த ஒரு முடிவு. சட்டப்படி ஒரு வருடம் வேலை செய்தவருக்கு, அதே முதலாளியிடம் வேலை இருக்கும்வரை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். மூன்று வருடம் ஆனால், அதே தொழிலில் வேறு முதலாளியிடம் போகலாம். அங்கே ஒன்றியத்து ஆட்களுக்குத்தான் முன்னுரிமை. நான்கு வருடம் ஆனால் எந்த வேலைக்கும் போகலாம்.

இந்த முடிவை அதிகாரபூர்வ இதழில் அச்சிடவே இல்லை! தன் உரிமை என்னவென்று தெரியாமல் எத்தனை பேர் வெளிநாட்டவர் அலுவலக ஜன்னல் முன்னால் கெஞ்சி நின்றிருப்பார்கள்? நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது. 1990-ல் லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம்தான் தெளிவாகச் சொன்னது: அச்சிடாவிட்டாலும் தொழிலாளி இதைக் காட்டி நேரடியாக வழக்காடலாம்.

வேலையை மாற்றிக்கொள்ளும் உரிமை ஏன் இத்தனை முக்கியம் என்றால், அது இல்லாதவரை முதலாளியை எதிர்த்து வாய் திறக்க முடியாது. 1973 ஆகஸ்டில் கொலோன் ஃபோர்டு ஆலையில், கோடை விடுமுறை முடிந்து தாமதமாகத் திரும்பிய சுமார் 300 துருக்கியர்களை வேலையைவிட்டு நீக்கினார்கள். ஆண்டு விடுப்பில் பல நாள் ஊருக்குப் போகவர ஆகும் சாலைப் பயணத்திலேயே கரைந்துவிடும் மனிதர்கள் அவர்கள். கூட வேலை செய்த துருக்கியர்கள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். தொழிற்சங்கம் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. ஒரு வாரத்தில் போலீஸை வைத்து முடித்தார்கள்.

அப்புறம், 'ஊர் திரும்ப வேண்டியதுதானே' என்ற உங்கள் கேள்வி. ஜெர்மன் அரசும் அதையேதான் சொன்னது. 1983-ல் சட்டம் போட்டு, ஆலை மூடி வேலை இழந்தவர்கள் குடும்பத்தோடு கிளம்பினால் 10,500 மார்க் தருவதாக அறிவித்தது. பலர் வாங்கிக்கொண்டு போனார்கள். ஓய்வூதியக் கணக்கை முடித்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் சம்பளத்தில் பிடித்த பங்கு மட்டும் கைக்கு வந்தது. அவர்கள் உழைப்புக்காக முதலாளி கட்டிய பங்கு ஜெர்மனியிலேயே தங்கிவிட்டது.