ஹ்வால்சே கரையில் இறங்குங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். என் மகன் ஆஸ்லோவில் வேலை பார்க்கிறான். எனக்கு அறுபது நிறைவதையொட்டி என்னையும் என் மனைவியையும் ஓர் ஆர்க்டிக் கப்பல் பயணத்துக்கு அழைத்துப்போக ஆசைப்படுகிறான். ஐஸ்லாந்தில் ஏறி, தெற்குக் கிரீன்லாந்தின் ஃபியோர்டுகள் (மலைகளுக்கு நடுவே புகும் குறுகிய கடற்கழிகள்) வழியாகத் தலைநகர் நூக் வரை போகும் சிறிய கப்பல். வழியில் பழைய நோர்ஸ், அதாவது வைக்கிங், குடியிருப்புகள் சிலவற்றில் இறங்கிப் பார்க்கலாம் என்கிறார்கள்.

கப்பல்காரர்கள் அனுப்பிய கையேட்டைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு தயக்கம். அங்கே குடியேறிய வைக்கிங்குகள் ஆடுமாடுகளையே நம்பிக் கிடந்தார்கள், பக்கத்திலிருந்த இனுவிட் மக்களிடம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, கடைசியில் பட்டினி கிடந்து மாண்டார்கள் என்று அதில் இருக்கிறது. நல்ல காரியத்தையொட்டிப் போகும் பயணத்தில், பிடிவாதத்தால் அழிந்துபோன ஊரைப் போய்ப் பார்ப்பானேன் என்று தோன்றுகிறது. மனைவிக்கும் விருப்பமில்லை. பனிப்பாறைகளையும் திமிங்கிலங்களையும் பார்த்துவிட்டு, அந்த இடிபாடுகள் வரும்போது மட்டும் கப்பலிலேயே இருந்துவிடலாமா? இருவருக்கும் முட்டிவலி வேறு இருக்கிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆர்., கோயம்புத்தூர்

*

அன்புள்ள ஆர்.,

தயவுசெய்து கப்பலிலேயே இருந்துவிடாதீர்கள். பனிப்பாறைகள் உங்களைத் தேடி வரும். பயணம் முழுவதும் அறையின் சன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டுதான் இருக்கும். ஹ்வால்சே என்ற பழைய நோர்ஸ் தேவாலய இடிபாட்டில் கரையிறங்க உங்களுக்குக் கிடைப்பதோ ஒன்றரை மணி, மிஞ்சினால் இரண்டு மணி நேரம். அதை விட்டுவிட்டால் மறுபடி வாய்ப்பது அரிது.

உங்கள் கையேட்டில் இருக்கும் கதை புதியதல்ல. பல ஆண்டுகளாக உலகம் முழுக்கச் சொல்லப்பட்டுவரும் கதைதான். படித்தவர்கள் கூட்டங்களில் உவமையாகச் சொல்வார்கள், மேலாண்மை வகுப்புகளில் பாடமாக நடத்துவார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. வரலாற்று ஆசிரியர் நீங்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஐஸ்லாந்திலிருந்து நாடுகடத்தப்பட்ட செந்தலை எரிக் கிரீன்லாந்துக் கரையைச் சுற்றிப் பார்த்துத் திரும்பிய பிறகு, 985 அல்லது 986இல் 25 கப்பல்கள் புறப்பட்டன. போய்ச் சேர்ந்தவை 14 என்று பழைய ஐஸ்லாந்து ஏடுகள் சொல்கின்றன. அந்தப் பதினான்கு கப்பல்களில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பதினைந்தாம் நூற்றாண்டுவரை அங்கே இருந்தார்கள். ஏறக்குறைய 450 ஆண்டுகள். கூட்டம் அதிகமாக இருந்த காலத்திலும் எல்லாரையும் சேர்த்தால் இரண்டாயிரம், மூவாயிரம் பேருக்கு மேல் இருந்திருக்க மாட்டார்கள். கப்பல் கட்ட மரம் கிடையாது, தானியம் அநேகமாக விளையாது, இரும்பு நார்வேயிலிருந்து வர வேண்டும். அந்த நிலத்தில் நாலரை நூற்றாண்டு குடும்பம் நடத்தியவர்களை நாம் எப்படிப் பிடிவாதக்காரர்கள் என்று ஒரு வரியில் ஒதுக்குவது?

இனுவிட்களிடம் கற்றுக்கொள்ளவில்லை என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நோர்ஸ் மக்கள் தெற்கில் குடியேறியபோது அங்கே இனுவிட்கள் இல்லை. இன்றைய கிரீன்லாந்து மக்களின் முன்னோர் கனடாவின் வடபகுதியிலிருந்து வந்து கிரீன்லாந்தின் வடமேற்கு மூலையில் கால்வைத்ததே 1200ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோதான். அங்கிருந்து தெற்கே வந்துசேர மேலும் காலம் பிடித்தது. முதல் இரண்டு நூற்றாண்டுகளுக்குக் கற்றுக்கொள்ளப் பக்கத்து வீட்டில் ஆளே இல்லை.

அடுத்தது, கடலைத் தொடாமல் பட்டினி கிடந்தார்கள் என்பது. அவர்களுடைய கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளில், உண்ட உணவின் தடமாகத் தங்கும் ஐசோடோப்பு அணுக்களை அளந்து பார்த்தார்கள். தொடக்க காலத்தில் உணவில் கடலிலிருந்து வந்தது ஐந்தில் ஒரு பங்கு அளவில். கடைசிக் காலத்தில் சிலருக்கு ஐந்தில் நான்கு பங்கு. குப்பைமேடுகளைத் தோண்டினால் சீல் என்ற கடல்நாயின் எலும்பு குவியல் குவியலாக வருகிறது. வசந்தத்தில் கூட்டமாக வரும் சீல்களை ஊரே சேர்ந்து வேட்டையாடியிருக்கிறார்கள். மாட்டுப் பாலும் ஆட்டுப் பாலும் உண்டு வளர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள், குளிர் கூடக்கூடத் தங்கள் சமையலையே மாற்றிக்கொண்டார்கள். மீன் எலும்பு குறைவாகக் கிடைப்பது உண்மை. இனுவிட்கள்போல் உறைந்த கடலில் மூச்சுத்துளை பார்த்துக் காத்திருந்து வளையச் சீலைக் குத்தும் வித்தையும் அவர்களிடம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இதை வைத்து ‘மாறவே மாட்டார்கள்’ என்று தீர்ப்பு எழுத முடியாது.

பட்டினிக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்றைய நூக் பக்கம் மேற்குக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தது. அது 1350ஐ ஒட்டியே காலியாகிவிட்டது. அங்கே ஒரு பண்ணை வீட்டின் கடைசி அடுக்கில் வேட்டை நாயின் எலும்பு கிடைத்தது, அதில் கத்தி பட்ட தடம். நாயை வெட்டித் தின்னும் அளவுக்கு வந்த ஒரு குளிர்காலத்தை மறுப்பதற்கில்லை. அந்த வீட்டில் நடந்தது கொடுமை. அந்த ஒரு வீட்டை வைத்துத்தான் எல்லாருக்கும் சேர்த்து முடிவுரை எழுதிவிட்டார்கள். நீங்கள் இறங்கப்போகும் தெற்குப் பகுதி கிழக்குக் குடியிருப்பைச் சேர்ந்தது. அது அதற்குப் பிறகும் இரண்டு, மூன்று தலைமுறை வாழ்ந்தது.

கிழக்குக் குடியிருப்பு ஏன் முடிந்தது என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. அவர்கள் கோடையில் வடக்கே நெடுந்தூரம் படகோட்டிப் போய் வால்ரஸ் என்ற கடல்விலங்கை வேட்டையாடித் தந்தம் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு தொடங்கி ஐரோப்பாவுக்குப் போன வால்ரஸ் தந்தத்தில் பெரும்பகுதி கிரீன்லாந்துடையது என்பதை ஆஸ்லோ, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2018இல் மரபணு வழியாகக் காட்டினார்கள். 1282இல் போப் எழுதிய கடிதம் ஒன்றில், கிரீன்லாந்தின் தேவாலயக் காணிக்கை மாட்டுத்தோலும் சீல்தோலும் வால்ரஸ் தந்தமுமாக வருவது பேசப்படுகிறது. பிறகு ஐரோப்பிய சந்தையில் யானைத் தந்தம் பெருகியது. கொள்ளைநோய் நார்வேயைச் சூறையாடியது. கடல்பனி கூடி வழி அடைபட்டது. கப்பல் வருவது நின்றுபோனது. மழை குறைந்து மேய்ச்சல் வறண்டதும், கடல் ஏறி நல்ல நிலத்தை விழுங்கியதும் அண்மை ஆய்வுகளில் சேர்ந்திருக்கின்றன. இளையவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறி ஐஸ்லாந்துக்குப் போயிருக்கலாம் என்பது பலருடைய கணிப்பு; எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தேவாலயத்துப் பாத்திரம் பண்டம் எதையும் அவர்கள் விட்டுப் போகவில்லை. அவசரத்தில் ஓடிய வீடு இப்படிக் காலியாக இருக்காது.

இனி ஹ்வால்சே. கிரீன்லாந்து நோர்ஸ் மக்களைப் பற்றி எழுத்தில் கிடைக்கும் கடைசிச் செய்தி என்ன தெரியுமா? ஒரு கல்யாணம். 1408 செப்டம்பரில் ஹ்வால்சே தேவாலயத்தில் தோர்ஸ்டைன் ஓலாஃப்ஸன் என்ற ஐஸ்லாந்துக்காரரும் சிக்ரித் பியோர்ன்ஸ்டாட்டிர் என்ற பெண்ணும் மணந்துகொண்டார்கள். மணமகன் வந்த கப்பல் நார்வேயிலிருந்து ஐஸ்லாந்துக்குப் போகும் வழியில் காற்றில் திசைமாறி 1406இல் கிரீன்லாந்து சேர்ந்தது. திருமண அறிவிப்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை முறைப்படி தேவாலயத்தில் வாசிக்கப்பட்டது என்று கார்தார் என்ற ஊரிலிருந்த இரண்டு குருக்கள் 1409 ஏப்ரலில் சான்று எழுதிக் கொடுத்தார்கள். தம்பதி 1410இல் கப்பலேறி, பிறகு ஐஸ்லாந்தில் பண்ணை வைத்து வாழ்ந்தார்கள். சொத்துக்கும் வாரிசுக்கும் சான்று தேவைப்பட்டதால்தான் அந்தக் காகிதங்கள் நமக்கு மிஞ்சின.

அந்தக் கப்பல் அங்கே நின்றிருந்த ஆண்டுகளில்தான், 1407இல், கோல்கிரிம் என்பவன் சூனியம் வைத்து ஒரு பெண்ணை மயக்கினான் என்று சொல்லி அவனை உயிரோடு கொளுத்தியிருக்கிறார்கள். இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர்கள் புனிதர்கள் இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியர்கள்.

அந்தத் தேவாலயத்தின் நான்கு சுவர்களும் இன்னும் நிற்கின்றன. கூரை மட்டும்தான் இல்லை. ஏறக்குறைய 16 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம். ஆள் படுக்கும் அளவுக்குக் கனத்த சுவர்கள். மேற்கு வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் எதிரே கிழக்குச் சுவரில் வளைந்த சன்னல். நான் போனபோது அந்தச் சன்னலின் அடிக்கல்லைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பரப்பு சொரசொரப்பு, விளிம்பில் ஆரஞ்சு நிறக் கற்பாசி. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சிறு சில்லுகளை அத்தனை கவனமாகச் செருகியிருக்கிறார்கள். நகத்தை நுழைக்க இடமில்லை. கொத்தனார் வேலை தெரிந்த யாரும் அங்கே ஐந்து நிமிடம் நின்றுவிடுவார்கள். சற்றுத் தள்ளி விருந்து மண்டபத்தின் சுவர்கள் இருக்கின்றன. கல்யாணச் சாப்பாடு அங்கேதான் நடந்திருக்க வேண்டும்.

உங்கள் கப்பல் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இன்னொரு நோர்ஸ் குடியிருப்பின் பக்கமும் போகுமா என்று கேளுங்கள். அங்கே 1921இல் பவுல் நோர்லுண்ட் தலைமையில் கல்லறைகளைத் தோண்டியபோது உறைமண்ணில் கெடாமல் கிடந்த கம்பளி உடைகள் கிடைத்தன. அங்கிகள், நீண்ட வால் வைத்த தலைமூடிகள், குழந்தைகளின் உடைகள். அவற்றில் பல கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆஸ்லோ போகும் வழியில் அவசியம் பாருங்கள். உடைகளைவிட என்னை அதிகம் உலுக்கியது ஒரு குச்சி. ஒரு சவப்பெட்டிக்குள் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்து வெட்டிய சிறு குச்சி ஒன்று இருந்தது. குத்வெய்க் என்ற பெண்ணின் உடல் கிரீன்லாந்துக் கடலில் இறக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கிறது. கப்பலில் இறந்த ஒருத்தியை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் பெயரையாவது கோயில் மண்ணில் புதைத்திருக்கிறார்கள். செத்தவர்களுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்களைப் பற்றித்தான் உங்கள் கையேடு இரண்டு வரியில் எழுதி முடித்துவிட்டது.

உங்கள் மனைவிக்கு இன்னொன்றைச் சொல்லுங்கள். அது செத்த ஊர் இல்லை. எரிக்கின் பண்ணை இருந்த பிராத்தாஹ்லித் இன்று கசியார்சுக் என்ற கிராமம். 1924இல் ஓட்டோ ஃப்ரெடரிக்சன் என்ற கிரீன்லாந்துக்காரர் குடும்பத்தோடு வந்து அங்கே ஆட்டுப்பண்ணை தொடங்கினார். அதே சரிவில் இப்போதும் ஆடு மேய்கிறது. கோடையில் புல்லறுத்து உலர்த்திக் கட்டுகளாகச் சுருட்டி வைத்திருப்பார்கள். எரிக்கின் மனைவி த்யோத்ஹில்ட் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயத்தின் மாதிரியைப் புல்மண்ணாலும் மரத்தாலும் அங்கே எழுப்பியிருக்கிறார்கள். குனிந்துதான் நுழைய வேண்டும். பிஷப்பின் இருக்கையாக இருந்த கார்தார் இன்று இகாலிக்கு. அங்கே நூறு மாடு கட்டும் அளவுக்குப் பெரிய தொழுவங்களின் அடித்தளம் கிடக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நார்வேக்காரரான ஆண்டெர்ஸ் ஓல்சனும் அவருடைய இனுவிட் மனைவி துப்பெர்னாவும் அங்கே வந்து மாடு வளர்த்தார்கள். அவர்களுடைய வம்சம்தான் இன்றும் அந்தக் கிராமத்தில் இருக்கிறது. பேராலயத்தின் செந்நிற மணற்கல்லையே எடுத்து வீடு கட்டிக்கொண்டார்கள். நோர்ஸ் வேளாண்மையையும் இனுவிட் வேளாண்மையையும் சேர்த்தே 2017இல் யுனெஸ்கோ இந்தப் பகுதிக்கு, குயாத்தா என்ற பெயரில், உலகப் பாரம்பரியத் தகுதி தந்தது. இனுவிட்களை நோர்ஸ் கதைக்குப் பின்திரையாக வைத்துப் பேசும் வழிகாட்டியிடம் இதைக் கேளுங்கள்.

முட்டிவலிக்கு வருகிறேன். கப்பலிலிருந்து ஸோடியாக் என்ற காற்றடைத்த ரப்பர் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோவார்கள். படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைச் சுழற்றி முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும். ரப்பர் பூட்ஸ் பெரும்பாலும் கப்பலிலேயே தருவார்கள். மாலுமியின் கையைப் பிடிக்காதீர்கள், முழங்கைக்குக் கீழே முன்கையைப் பிடியுங்கள், அதுதான் வழுக்காது. ஊன்றுகோல் ஆளுக்கொன்று கொண்டுபோங்கள். ஹ்வால்சேயில் கரையிலிருந்து தேவாலயம் கொஞ்ச தூரம்தான், ஆனால் புல் ஈரமாகவும் மேடுபள்ளமாகவும் இருக்கும். கசியார்சுக்கில் சாலை உண்டு, சிரமமில்லை. ஜூலையில் கொசுத் தொல்லை அதிகம். ஆகஸ்டின் கடைசி வாரம் நல்லது, வடதுருவ ஒளியும் தென்படத் தொடங்கும்.

அவசர மருத்துவத்துக்கு ஆளைத் தூக்கிக்கொண்டுபோகும் செலவை ஏற்கும் காப்பீடு இல்லாமல் கப்பலேறாதீர்கள். 2023 செப்டம்பரில் கிழக்குக் கிரீன்லாந்தின் ஆல்ப்ஃபியோர்டில் 206 பேரோடு ஒரு பயணக் கப்பல் தரைதட்டி நின்றது. மீன்வள ஆய்வுக் கப்பல் ஒன்று வந்து இழுத்துவிட மூன்று நாளாயிற்று. யாருக்கும் ஆபத்து நேரவில்லை. ஆனாலும் அந்தக் கடலில் உதவி என்பது அவ்வளவு தொலைவில்தான் இருக்கிறது.

பணம் கட்டுவதற்கு முன் மகனைவிட்டுக் கப்பல் நிறுவனத்திடம் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஹ்வால்சே, கசியார்சுக், இகாலிக்கு மூன்றில் எங்கெல்லாம் கரையிறக்குவார்கள்? ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரம்? வழிகாட்டிகளில் கிரீன்லாந்துக்காரர் யாராவது உண்டா? இரண்டு இடத்துக்குக் குறைவாகச் சொன்னால் வேறு கப்பல் பார்க்கலாம். அல்லது தெற்குக் கிரீன்லாந்து வரை விமானத்தில் போய், ஃபியோர்டைப் படகில் கடந்து, கசியார்சுக்கில் ஓர் ஆட்டுப்பண்ணை வீட்டில் தங்கலாம். அங்கே விருந்தினர்களுக்கு அறை வாடகைக்குத் தருகிறார்கள்.

அன்புடன்.