போனது போனதுதானா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, அழிந்துபோன விலங்குகளைப் பற்றித்தான். எல்லாரும் பேசிவைத்துக்கொண்டு அனுப்பினீர்களா தெரியவில்லை. சரி, ஒரேயடியாகப் பார்த்துவிடலாம்.

கேள்வி: குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் ஒரே கலாட்டா. அப்புறம் சத்தத்தையே காணோம். என்ன ஆயிற்று? (பெரம்பலூர் வாசகர்)

அது 2020 அக்டோபர் சமாச்சாரம். மண் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன, பார்த்தவர்கள் முட்டை என்று முடிவுகட்டிவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் வந்து பார்த்ததில், அம்மோனைட்டைச் சுற்றிக் கெட்டித்துப்போன படிவம் என்று தெரிந்தது. அம்மோனைட் என்பது கணவாய் மீனுக்கு உறவுக்காரப் பிராணி, ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட ஓட்டுக்குள் இருந்துகொண்டு கடலில் நீந்தியது, டைனோசர் போன அதே காலத்தில், 6.6 கோடி வருஷத்துக்கு முன், அதுவும் போய்விட்டது. பெரம்பலூரில் ஏது கடல் என்பீர்கள். அந்தக் காலத்தில் உங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் கடல்தான் ஐயா, அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டுகிற சுண்ணாம்புக்கல்லே அந்தக் கடல் விட்டுப்போனதுதான்.

முட்டை இல்லையே என்று வருத்தப்படாதீர்கள். அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் நிஜ டைனோசர் எலும்பே கிடைத்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று மட்டும் 2 மீட்டர் நீளம். புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள், பெருத்த உடம்புக்காரப் பல்லி என்று அர்த்தம். 1980களில் அதைப் பற்றி முதலில் எழுதியபோது மாமிசம் தின்னி என்று நினைத்தார்கள், பிறகுதான் இலைதழை தின்னும் நீளக்கழுத்து வகை என்றார்கள். இப்போது போய்ப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். எலும்பு நொறுங்கிப் பொடியாகிவிட்டது, மிஞ்சியது படங்கள்தான். உலகத்தின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம் என்கிறார்கள், சாட்சிதான் கையில் இல்லை.

கேள்வி: எண்ணிக்கையில் அதிகமாக இருந்தும் அழிந்துபோன இனம் உண்டா? (தேனி வாசகி)

உண்டு, பயணப் புறா. வட அமெரிக்காவில் 300 கோடியிலிருந்து 500 கோடி வரை இருந்திருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். பறவை ஓவியர் ஆடுபான் 1813-ல் கென்டக்கியில் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார், தலைக்கு மேல் கூட்டம் கூட்டமாகப் புறா. எண்ணித்தான் பார்ப்போமே என்று இறங்கி உட்கார்ந்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தார். 21 நிமிஷத்தில் 163 புள்ளி. எண்ணி மாளாததால் எழுந்துவிட்டார்! கிரகணம் பிடித்த மாதிரி நண்பகல் வெளிச்சம் மங்கியது, எச்சம் பனித்தூவலாக விழுந்தது என்று எழுதிவைத்திருக்கிறார். கூட்டம் கடந்து முடிய மூன்று நாள்.

இதைத் தீர்த்துக்கட்டியது துப்பாக்கி மட்டுமில்லை, தந்தியும் ரயிலும்தான் என்பேன். எந்தக் காட்டில் கூடு கட்டியிருக்கிறது என்று தந்தி பறக்கும், வேட்டைக்காரர்கள் ரயிலேறி வருவார்கள், செத்த புறா பீப்பாய் பீப்பாயாக அதே ரயிலில் நகரத்துக்குப் போகும். ஒரு புறாவின் கண்ணிமையைத் தைத்து, ஒரு பலகையில் கட்டி, பலகையை மேலே தூக்கிச் சட்டென்று இறக்குவார்கள். அது பயத்தில் சிறகடிப்பது, இரை கண்டு இறங்குவதுபோலத் தெரியும். மேலே போகிற கூட்டம் நம்பி இறங்கும், வலை விழும். 1878-ல் மிச்சிகனில் பெட்டோஸ்கி என்ற இடத்தில் தினம் 50,000 புறா வீதம், மாதக்கணக்கில் கொன்றார்கள். இத்தனைக்கும் அந்தப் புறா ஒரு தடவைக்கு இடுவது ஒரே ஒரு முட்டை. பெருங்கூட்டமாக இருந்தால்தான் அதற்கு வாழ்க்கை, நூறு இருநூறு மிஞ்சி என்ன பயன்?

கடைசியில் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் மார்த்தா என்று ஒன்றே ஒன்று. ஜோடி கண்டுபிடித்துத் தருபவருக்கு 1,000 டாலர் என்றார்கள், யாரும் வரவில்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே என்று பார்க்க வந்தவர்கள் மண்ணை அள்ளி அதன்மேல் வீசினார்களாம். 1914 செப்டம்பர் 1-ம் தேதி செத்தது. உடம்பை 135 கிலோ ஐஸ் கட்டிக்குள் உறையவைத்து வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் ரயிலில்தான்.

கேள்வி: டோடோ முட்டாள் பறவையாமே? (காரைக்குடி வாசகர்)

மனிதனைக் கண்டு ஓடவில்லை, அவ்வளவுதான் அது செய்த குற்றம். மொரீஷியஸில் அதைத் துரத்த ஒரு மிருகமும் இருந்ததில்லை, பிறகு எதற்கு ஓடவேண்டும்? 1598-ல் டச்சுக்காரர்கள் இறங்கினார்கள், கூடவே பன்றியும் எலியும் வந்து தரையில் கிடந்த முட்டையைத் தின்றன. 1662-க்குப் பிறகு பார்த்ததாக உறுதியான பேச்சில்லை. மண்டையோட்டை ஸ்கேன் செய்ததில், உடம்புக்கு ஏற்ற மூளைதான் இருந்திருக்கிறது. அதுவும் ஒரு வகைப் புறாதான், உயிரோடிருக்கும் நெருங்கிய உறவு நம் நிக்கோபார்த் தீவுப் புறா.

கேள்வி: எங்கள் கடலில் இருக்கும் ஆவுளியா என்ற கடற்பசுவைப்போல, யானையை விடப் பெரிய ஒன்று இருந்ததாமே? (ராமநாதபுரம் வாசகி)

ஆமாம், ஸ்டெல்லர் கடற்பசு. 8, 9 மீட்டர் நீளம், பல் கிடையாது, கடற்பாசியை மேய்ந்துகொண்டு ஆழமில்லாத நீரிலேயே கிடக்கும். ரஷ்யாவுக்குக் கிழக்கே 1741-ல் பெரிங் என்ற மாலுமியின் கப்பல் ஒரு தீவில் மோதி உடைந்தது, பெரிங் அங்கேயே இறந்தார். தப்பியவர்களில் ஒருவரான ஸ்டெல்லர் என்ற ஜெர்மானியர்தான் இதைப் பற்றி எழுதினார். இறைச்சி மாட்டுக்கறி மாதிரி, கொழுப்பு பாதாம் எண்ணெய் மாதிரி என்று ருசி பார்த்தும் எழுதியிருக்கிறார், பசித்தவர் வேறென்ன செய்வார்.

ஆனால் அவர் எழுதியதில் எனக்கு மறக்காதது வேறு. கொக்கி மாட்டி ஒன்றை முப்பது பேர் கரைக்கு இழுக்கும்போது மற்றவை சும்மா இருக்காதாம். படகை முதுகால் கவிழ்க்கப் பார்க்கும், கயிற்றை அழுத்தும், வாலால் கொக்கியைத் தட்டிவிடும். ஒரு பெண் செத்துக் கரையில் கிடந்தபோது அதன் ஆண் இரண்டு நாள் தொடர்ந்து வந்து பார்த்திருக்கிறது. மூன்றாம் நாள் காலையில் கறி வெட்டப் போனால், அப்போதும் அங்கேயே நிற்கிறது.

தோலுக்காக நீர்நாய் வேட்டைக்குப் போனவர்கள் வழிச்சாப்பாட்டுக்கு இதைக் கொன்றுகொண்டே போனார்கள். 1768-ல் கதை முடிந்தது, ஸ்டெல்லர் பார்த்து 27 வருஷம்தான். உங்கள் ஆவுளியாவுக்கு 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள்.

கேள்வி: அழிந்த விலங்கைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? ஓநாயைக் கொண்டுவந்துவிட்டதாகப் படித்தேன். (கோவை வாசகர்)

டைர் ஓநாய் என்பது அழிந்துபோன ஓர் ஓநாய் இனம். 2025-ல் அந்தப் பெயரில் வந்தது, இப்போதும் இருக்கிற சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தம் செய்து பிறந்தது. வேஷம் நன்றாகப் பொருந்தியிருக்கிறது, ஆள் அதே சாம்பல் ஓநாய்தான்.

உண்மையாகவே திரும்பி வந்தது ஒன்றுதான், ஸ்பெயினின் புக்கார்டோ மலையாடு. கடைசியாக மிஞ்சிய ஒரே ஆடு, சீலியா என்ற பெண் ஆடு, 2000 ஜனவரியில் மரம் விழுந்து செத்தது. முந்தைய வருஷமே அதன் காதிலிருந்து கொஞ்சம் திசு எடுத்து உறையவைத்திருந்தார்கள். அதிலிருந்து கரு உண்டாக்கி 57 ஆடுகளுக்கு வைத்ததில் 7 சினை பிடித்தன, ஒன்று மட்டும் 2003 ஜூலை 30-ல் உயிருள்ள குட்டி ஈன்றது. நுரையீரலில் கூடுதலாக ஒரு மடல், ஈரல் மாதிரி கெட்டியாக. சில நிமிஷம் மூச்சுக்குத் திணறிவிட்டுப் போய்விட்டது. பிழைத்திருந்தாலும் அதுவும் பெண்தான், ஜோடி சேர்க்க ஆண் ஆட்டின் திசு யாரிடமும் இல்லை.